ஞாயிறு பூசைக்குப் பின் கொடுத்த குளிசை

இன்று காலை, பல பக்கத்தாலும் யோசித்துப் பார்த்தபின், குளிசையை நின்றுகொண்டு விழுங்குவது என்று தீர்மானித்தேன். கதிரையில் இருந்துகொண்டு விழுங்குவதற்குச் சாதகமாகவும் சில நியாயங்கள் இருந்தன. அவற்றை முறையாகக் கேட்டு நிராகரித்தேன். குளிசையை நாக்கின் பின்பக்கம் வைத்தேன். ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். அப்படி வாயைப் பிளந்தபடி நின்றபோது உங்கள் நினைவு வந்தது, மிஸ்ஸி.

எனக்கு இரைப்பையில் கிருமியாம். ஆஸ்பத்திரியில் ஒரு பைக்குள் ஊதச் சொல்லிக் கண்டுபிடித்தார்கள். பதினாலு நாளுக்கு மருந்து. மருந்துப் பையைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை, வட்டம், தட்டை. நீங்களும் நானும் கரையோரத்துச் சனத்துக்குக் கொடுத்த குளிசையும் இப்படித்தான் இருந்தது. அது இந்தக் கிருமி வராமல் தடுப்பதற்கு. இது வந்தபின் கொல்வதற்கு. அது சரிவந்திருந்தால் இது தேவைப்பட்டிராது. எனக்கில்லாவிட்டாலும், ஆஸ்பத்திரி வாங்கில் எனக்குப் பின்னால் முறை பார்த்திருந்த ஒரு இளம் பிள்ளைக்காவது.

அந்தத் தடுப்புக் குளிசையைப் பரிசோதிக்கும் திட்டத்துக்கு நீங்கள் வந்த நாளை நினைக்கிறேன். மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருசம்கூட ஆகவில்லை. கரையோரக் கிராமங்களில் பாதிப் பேருடைய முதல் அழுகையைக் கேட்டவர் நீங்கள். அதனால் சனத்தைச் சேர்க்கும் பொறுப்பை உங்களுக்குத் தந்தார்கள். எனக்குத் தந்தது ஆங்கிலப் படிவங்களைத் தமிழாக்கும் வேலையும் களத்தில் அவற்றை நிரப்பும் வேலையும். நான் ஒருகாலத்தில் மூன்று மாதம் தற்காலிக ஆசிரியராக இருந்தேன் என்று தவறுதலாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உங்களுக்கு நான் மாஸ்டர்.

முதல் நாளே என் சம்மதப் படிவத்தைக் கையில் எடுத்து, "பங்குபற்றுநர் எந்நேரத்திலும் எக்காரணமும் கூறாது விலகிக்கொள்ளலாம்" என்ற வரியைச் சத்தமாக வாசித்தீர்கள். மாதா கோவில் மண்டபத்தில் பின்னால் இருந்த ஒருவர் கேட்டார்: "விலகி எங்க மிஸ்ஸி போறது? ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஆமிக் காம்ப்."

மண்டபம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பிறகு மருந்தை விளக்கினீர்கள். நான் நாலு பக்கத்தில் எழுதியிருந்ததை நீங்கள் நாலு வசனத்தில் சொன்னீர்கள்.

"இது ஒரு சாதுவான கிருமி. அதுக்கு வயித்துப்புண் கிருமியின்ர சட்டையைப் போட்டுவிட்டிருக்கினம். எங்கட குடலுக்குள்ள காவல்காரர் இருக்கினம், அவை அந்தச் சட்டையைப் பார்த்து அடையாளம் பிடிச்சு வைச்சிருப்பினம். பிறகு உண்மையான கள்ளன் வந்தா விடமாட்டினம்."

"அப்ப குடலுக்குள்ளயும் செக்பொயின்ற் இருக்கோ?" என்றார் அதே மனிதர்.

இந்த முறை நீங்கள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததை எழுதி வைக்க ஒரு படிவம் இல்லாததால் விட்டுவிட்டேன்.

இந்தக் குளிசையில் உங்களுக்கு என்ன அக்கறை என்று கொழும்பில் இருந்து வந்தவர்கள் கேட்டபோது, சமூக சேவை என்றீர்கள். எனக்கு மட்டும்தான் உண்மையைச் சொன்னீர்கள். உங்கள் கணவர் முப்பது வருசமாக வயிற்றெரிவைக் கஸ்ரிக் என்று சொல்லிச் சோடா குடித்தவர். ஒருநாள் கடலில் வலை இழுக்கும்போது கறுப்பு இரத்தமாகச் சத்தி எடுத்தார். கரைக்குக் கொண்டுவர முன் முடிந்துவிட்டது. "சோடாவைத்தான் நான் மருந்தெண்டு வாங்கிக் குடுத்தனான் மாஸ்டர். மருத்துவிச்சி. வெக்கமா இருக்கு," என்றீர்கள். அந்தக் கிருமி உங்களுக்குள்ளும் இருந்தது. பரிசோதனையில் தெரிந்ததால் நீங்கள் பங்குபற்றுநராகச் சேர முடியவில்லை. கிருமி இல்லாதவர்களுக்கு மட்டுமே குளிசை. உங்கள் மகளுக்கு இல்லை என்று வந்தது. பட்டியலில் அவளுடைய பெயரை முதலாவதாக எழுதச் சொன்னீர்கள்.

குளிசையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். கரையோரத்தில் ஒரு ஊரையே வெறும் வயிற்றோடு ஓரிடத்தில் கூட்டுவது எப்படி என்று கூட்டம் போட்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள்தான் சொன்னீர்கள்: "ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெறும் வயித்தோடதானே சனம் வருது. கடலுக்கும் போகாதுகள். நன்மை எடுத்த கையோட மண்டபத்துக்கு வரட்டும்."

மிக நல்ல யோசனை. அது உடனே ஒரு அறிவியல் பிரச்சினையைக் கிளப்பியது. நன்மை எடுப்பது, அதாவது பூசை வைக்கும் சுவாமியார் கொடுக்கும் அப்பத்தை வாங்கி உண்பது, உணவு உட்கொள்வதாகுமா என்று கொழும்பு கேட்டது. நான் அப்பத்தின் பருமனையும் தடிப்பையும் விவரித்து ஒரு கடிதம் எழுதினேன். அதைப் பரிசீலித்த குழு, ஊட்டச்சத்து நோக்கில் அது புறக்கணிக்கத்தக்கது என்று எழுத்தில் அறிவித்தது. அந்தக் கடிதத்தை நீங்கள் சுவாமியாரின் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள்.

அப்பத்தின் பருமனைப் பற்றி இவ்வளவு யோசித்த நாங்கள், அதை வாயில் வைத்த பிறகு சனம் என்ன செய்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

விதிமுறையில் இன்னொரு பந்தி இருந்தது. குளிசை கொடுத்தபின் ஒவ்வொருவருடைய வாயையும் திறக்கச் சொல்லி, நாக்கின் கீழும் கன்னத்தின் உள்ளும் பார்த்து, விழுங்கியாயிற்று என்பதை உறுதிப்படுத்த வேண்டும். நீங்கள் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"இதை வெட்டுங்கோ மாஸ்டர்."

"வெட்டேலாது மிஸ்ஸி. விதி."

"அப்ப கடதாசியில இருக்கட்டும். நான் பார்க்கமாட்டன்." கழற்றிய கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தீர்கள். "இந்தச் சனத்தை ஆமிக்காரர் எத்தினை வருசம் பஸ்ஸால இறக்கி ஏத்திச் சோதிச்சவங்கள். பையைத் திற, சாறத்தை உதறு, சோத்துப் பார்சலை அவிழ். வாய் ஒண்டுதான் மிச்சமா இருந்தது. நான் பேறு பார்த்த பெட்டையள், என்னட்ட வந்து ஆவெண்டு நிக்கோணுமோ?"

நீங்கள் சொன்னது நியாயம். படிவத்தில் "வாய் பரிசோதிக்கப்பட்டது" என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும். அதில் சரி போட்டவன் நான்.

அந்த முதல் ஞாயிறு எனக்கு அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. பூசை முடிந்து சனம் மண்டபத்துக்கு வந்தது. பெண்கள் தலையில் முக்காட்டோடு, ஆண்கள் வெள்ளைச் சேட்டோடு, கைகளைக் கூப்பியபடி வரிசையில் வந்தார்கள். நீங்கள் குளிசையை ஒவ்வொருவருடைய கையிலும் வைத்தீர்கள். இரண்டு மூன்று கிழவிகள் கையை நீட்டாமல் நேரே வாயைத் திறந்தார்கள். நீங்களும் யோசிக்காமல் நாக்கில் வைத்தீர்கள். ஒருத்தி "ஆமென்" என்றாள்.

செக்பொயின்ற் பற்றிக் கேட்ட அந்தப் பகிடிக்கார மனிதர் தன் முறை வந்தபோது கேட்டார்: "ஆமென் சொல்லோணுமோ மிஸ்ஸி, தாங்க்யூ சொல்லோணுமோ?"

"எதையெண்டாலும் சொல்லு. கடிச்சுப்போடாத. கடிச்சா மேல்தோல் உடைஞ்சிடும்."

கடிக்க வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னீர்கள். விழுங்கச் சொல்லி என் துண்டுப் பிரசுரம் சொன்னது, இரண்டாம் பக்கத்தில். அவர்கள் தண்ணீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டு போய் வாங்குகளில் இருந்தார்கள். கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். கோப்பை மடியில் இருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் தண்ணீரைக் குடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். "எவ்வளவு பக்தியா எடுக்குதுகள் பாருங்கோ," என்றீர்கள். நான் "தண்ணீர் அருந்தினார்: ஆம்" என்று எழுதிக்கொண்டு போனேன். நான் சைவ சமயத்தவன். எனக்கு அது அழகாக இருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த கிழமை பெரியமடுப் பக்கம் போனோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். கூலி வேலைக்குப் போக முன், விடிய வரிசையாக நின்றார்கள். முதல் வந்த பெரியவர் குளிசையை வாய்க்குள் எறிந்தார், தண்ணீரை ஊற்றினார், நீங்கள் கேட்காமலே வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"வேண்டாம் ஐயா, வாயை மூடுங்கோ," என்றீர்கள்.

"தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் பாக்காம விடமாட்டாருங்க. பழகிப்போச்சு."

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே காட்டினார்கள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். திரும்பி வரும்போது, வாகனம் பாலம் தாண்டுகையில், "ஆரார் எங்கட சனத்துக்கு என்னென்ன பழக்கிவிட்டிருக்கிறாங்கள் பாருங்கோ," என்றீர்கள்.

முடிவுகள் வந்தபோது பெரியமடுச் சனத்தின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. கரையோரத்துச் சனத்தின் இரத்தத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே தொகுதிக் குளிசை, ஒரே நாள் வந்து இறங்கிய பெட்டி.

பிறகு நடந்தது விசாரணை. குளிசை வைத்திருந்த பிரிட்ஜை விசாரித்தார்கள். மின்சாரம் நின்ற நாட்களை விசாரித்தார்கள். ஒரு மனிதர் வெப்பமானியோடு உங்கள் வீட்டுக்கு வந்து ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒருநாள் முழுக்க இருந்தார். அவருக்கு நீங்கள் நண்டுக்கறியும் சோறும் கொடுத்தீர்கள். அவர் போனபிறகுதான் வெடித்தீர்கள்: "ஐஸில மீன் பழுதாகாமக் கொழும்புக்கு அனுப்பிற சனம், ஒரு பெட்டிக் குளிசையைப் பழுதாக்குமோ?"

பிரிட்ஜில் குற்றம் காண முடியவில்லை. கடைசி அறிக்கையில், இக்கரையோர மக்களின் குடல் தன்மை மருந்துக்கு இசைவற்றதாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதைத் தமிழாக்கியதும் நான்தான். நீங்கள் வாசித்துவிட்டு, "எங்கட குடலில என்ன பிழையாம்?" என்று கேட்டீர்கள். மறுபடியும் கேட்டீர்கள். நீங்கள் கேட்டது அறிக்கையிடம். ஆனால் மறுமொழி சொல்லக்கூடிய ஆள் நான் மட்டுமே அறையில் இருந்தேன்.

நம்பகமான பலன் இல்லை என்று திட்டம் நிறுத்தப்பட்டது. எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார்கள். உங்களுடையதில் பெயர் பிழையாக இருந்தது.

அடுத்த வருசம் உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. கஸ்ரிக் என்றுதான் முதலில் நீங்களும் சொன்னீர்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று, கல்லீரலுக்கும் போயிற்று என்றார்கள். நான் பார்க்க வந்தபோது, "அதே கள்ளன்தான் மாஸ்டர். குடும்பத்தில ஒருத்தரையும் விடுறதா இல்லை," என்றீர்கள். சிரிக்கத்தான் பார்த்தீர்கள்.

உங்களுக்கு நன்மை கொடுக்கச் சுவாமியார் வீட்டுக்கு வந்த நாளில் நானும் இருந்தேன். எழும்பிப் போகட்டுமா என்று கேட்டேன், இருக்கச் சொன்னீர்கள். அப்பத்தின் சின்னத் துண்டு ஒன்றை உங்கள் நாக்கில் வைத்தார். நீங்கள் வாயை மூடி, கண்ணை மூடி, அசையாமல் கிடந்தீர்கள். விழுங்க முடியாமல் கஷ்டப்படுகிறீர்கள் என்று நினைத்துத் தண்ணீரை எடுத்தேன். உங்கள் மகள் என் கையைத் தடுத்தாள். "பொறுங்கோ மாமா. கரையட்டும்."

"ஏன் பிள்ளை?"

"நன்மையை அப்பிடித்தான் எடுக்கிறது. பல்லுப் படக்கூடாது. நாக்கில வைச்சுக் கரைய விடோணும். முதல் நன்மைக்கு முன்னம் சிஸ்டர் அதைத்தான் ஒரு மாசம் பழக்கினவ."

சுவாமியார் போய்விட்டார். நீங்கள் கண்ணைத் திறந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். பிறகு மகளைக் கூப்பிட்டீர்கள்.

"பிள்ளை. அண்டைக்கு மண்டபத்தில தந்த குளிசையை எப்பிடி எடுத்தனீ?"

"எந்தக் குளிசை?"

"பூசை முடியத் தந்தது."

"நன்மை எடுக்கிற மாதிரித்தானம்மா. எல்லாரும் அப்பிடித்தான். நீங்கள்தானே கடிக்காதேங்கோ, கடிக்காதேங்கோ எண்டு சொன்னனீங்கள்."

அந்தக் குளிசையின் மேல்தோல் அமிலத்தில் கரையாது, எச்சிலில் கரையும். இரைப்பையைக் கடந்து, குடலுக்குப் போனபின் அவிழ வேண்டும் என்பதற்காக யாரோ பல வருசம் பாடுபட்டு அதை அப்படிச் செய்திருந்தார்கள். எங்கள் சனம் மிகுந்த மரியாதையோடு அதை நாக்கிலேயே அவிழ்த்து, வெறும் மருந்தை நேரே அமிலத்துக்குள் அனுப்பியது. இரைப்பை அதை ஒன்றுமில்லாமல் செய்தது. கரையோரத்துக் குடலில் ஒரு பிழையும் இல்லை. அங்கே எதுவும் போய்ச் சேரவேயில்லை.

நீங்கள் அழவில்லை. என் கையைப் பிடித்தீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு இருந்த பலத்துக்கு அது பெரிய பிடி.

"எழுதுங்கோ மாஸ்டர். மருந்து பிழையில்லை எண்டு எழுதுங்கோ. இன்னொருக்காக் குடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. இண்டைக்கே எழுதுங்கோ. வாய் பார்க்க வேண்டாம் எண்டது நான்தான் எண்டும் எழுதுங்கோ. அதை எழுதாட்டி நம்பமாட்டினம்."

அன்று பின்னேரமே எழுத இருந்தேன். "வாய்ப் பரிசோதனை மேற்கொள்ளப்படவில்லை" என்று எழுதினேன். அதைக் கொண்டுவந்து உங்களுக்கு வாசித்தேன். "ஆர் மேற்கொள்ளேல்லை? அதை எழுதுங்கோ," என்றீர்கள். திரும்பப் போய் எழுதினேன். உங்கள் பெயர் வரும் வரியில் பேனை நின்றது. கரையோரத்தில் இத்தனை பிள்ளைகளை உயிரோடு இறக்கிக் கொடுத்த ஒருத்தி, ஒரு தடுப்பு மருந்தைக் கெடுத்தவள் என்று எங்கோ ஒரு கோப்பில் கிடப்பதா என்று யோசித்தேன். நல்ல காரணம். எனக்கே அது பிடித்திருந்தது. படிவங்களில் உள்ள பொய்யான சரி அடையாளங்கள் எல்லாம் என்னுடையவை என்பதை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

வசனத்தைத் திருத்தினேன். பந்தியை மாற்றினேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். விழுங்கப்படாமை என்ற சொல் சரியா என்று அகராதியில் பார்த்தேன். உலகத்தில் ஒருவரும் கேட்காத நடை அழகு அந்தக் கடிதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அடுத்த கிழமை கேட்டீர்கள்: "அனுப்பீட்டீங்களோ?"

"ஓம், மிஸ்ஸி."

"என்னெண்டு எழுதினீங்கள்?"

"நீங்கள் சொன்ன மாதிரித்தான்."

உங்கள் முகம் தெளிந்தது. மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னீர்கள். அதன் பிறகு வந்த நாட்களில் நோவைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தீர்கள். அடுத்த முறை தண்ணீரை முதலில் கொடுக்க வேண்டும் என்றீர்கள். மண்டபத்தில் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் வைக்க வேண்டும், ஞாயிறு வேண்டவே வேண்டாம் என்றீர்கள். "வாய் பார்க்கிறதெண்டா நான் முதல் என்ர வாயைத் திறந்து காட்டுவன். அப்ப சனம் வெக்கப்படாது." பேசப் பேச மூச்சு வாங்கியது. "மறுமொழி வந்ததோ?" என்று கேட்பீர்கள். "இன்னும் இல்லை" என்பேன். அது மட்டும் உண்மை.

உங்கள் அடக்கத்துக்கு முழுக் கரையோரமும் வந்தது. அந்தப் பகிடிக்கார மனிதர் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினார். ஒரு பகிடியும் விடவில்லை. நான் நாலாம் வரிசையில் நின்றேன். சட்டைப் பையில் கடிதத்தின் ஏழாவது பிரதி இருந்தது. நன்மை எடுக்க எல்லோரும் எழும்பிப் போய்த் திரும்பி வந்து வாங்குகளில் இருந்து தலை குனிந்தார்கள். அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அன்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

உங்களைப் பற்றி என்னிடம் மிச்சமாக இருப்பவை கொஞ்சம்தான். பெயர் பிழையான அந்தச் சான்றிதழை உங்கள் மகள் எனக்குத் தந்தாள், திருத்தி எடுக்கலாமோ என்று கேட்டு. இன்னும் திருத்தி எடுக்கவில்லை. நான் சொன்ன ஓம் இருக்கிறது. அதைக் கேட்டதும் உங்கள் முகத்தில் வந்த தெளிவு இருக்கிறது. வேறு யாருடைய முகத்திலும் என் ஒரு சொல்லால் அவ்வளவு நிம்மதி வந்ததில்லை. எழுதிப் பிழைக்கிற எனக்கு அது பெரிய வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கடிதத்தை அனுப்பினேன். உங்கள் பெயரையும் எழுதினேன், என் பெயரையும் எழுதினேன். ஒரு வசனமும் திருத்தவில்லை. நாலாம் நாள் மறுமொழி வந்தது. மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். விளக்கம் மிகவும் பயனுள்ளது, மருந்து பலனளித்திருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். அந்த மருந்தைத் திரும்பச் செய்வதற்கான மூலக்கிருமிக் குப்பிகளை, குளிரறையில் இடம் தேவைப்பட்டதால், உங்கள் அடக்கத்துக்கு அடுத்த கிழமை அழித்திருந்தார்கள்.